வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் சொல்லப்போவது 1995 ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு வகுப்பின் கதை. இந்த உரையை வட்ஸ்அப் குழுவில் எல்லோருமாகச் சேர்ந்து, சண்டை பிடித்து, திருத்தித்தான் எழுதினோம். ஆதலால் 'நாங்கள்' என்றே பேச அனுமதியுங்கள். வைத்தியர் ஒருவரை அழைத்திருக்கிறார்கள், நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணிப் பலகாரத் தட்டைத் தள்ளிவைத்தவர்கள் இனித் தாராளமாக எடுக்கலாம். இன்று நாங்கள் பேசப்போவது வரைபடத்தைப் பற்றி.

நாங்கள் முதன்முதலில் வரைபடம் கீறியது இந்தக் கல்லூரியில்தான். 1990 ஆம் ஆண்டு, ஆறாம் வகுப்பு. சமூகக்கல்வி படிப்பித்த ரீச்சர், "வீட்டிலயிருந்து பள்ளிக்கூடத்துக்கு வாற பாதையைக் கீறிக்கொண்டு வாங்கோ" என்றார். நாங்கள் கீறிய படங்களில் கல்லூரி அரண்மனை போல இருந்தது. அதைவிடப் பெரிதாக அவரவர் வீடு இருந்தது. வழியில் நாய் கலைக்கும் வீடு, நெல்லிக்காய் பொறுக்கும் வளவு, ஐஸ்பழக்காரர் நிற்கும் மரம் எல்லாம் இருந்தன. வடக்கு எது என்று மட்டும் ஒருத்தியும் குறிக்கவில்லை. ரீச்சர் எல்லாருடைய கொப்பியிலும் சிவப்புப் பேனையால் ஓர் அம்புக்குறி போட்டு, "திசை இல்லாத படம் படமில்லை" என்றார். அந்த ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் யுத்தம் மூண்டது. மின்சாரம் நின்றது. அந்தக் கொப்பிகளில் ஒன்றுகூட இன்று எங்களில் எவரிடமும் இல்லை.

பிறகு நாங்கள் சேர்ந்து வரைபடம் பார்த்தது 2020 இல். கொவிட் பரவி உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம். எங்களில் பலர் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒருவரை ஒருவர் கண்டது அப்போதுதான், அதுவும் சூம் திரையில். ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவில் காலை பத்து மணி, லண்டனில் பின்னேரம் மூன்று மணி, யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரை, மெல்பேர்ணில் நடுச்சாமம். சுகம் விசாரித்து, பிள்ளைகளின் படிப்பு விசாரித்து, கதை தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோக்காரி தன் திரையை எல்லோருக்கும் தெரியும்படி பகிர்ந்து, கூகிள் வரைபடத்தில் கல்லூரியின் பெயரை எழுதினாள். சிவப்புக் குறி வந்து நின்றது.

அது எங்கள் கல்லூரி என்று நம்ப ஒருத்திக்கும் மனம் வரவில்லை. சாம்பல் நிறக் கூரைகள், பச்சைத் திட்டுகள், நூல் பிடித்ததுபோலச் சில கோடுகள். எது பிரதான மண்டபம், எது கிணற்றடி என்று தெரியவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. பதினாறு வயதுவரை அந்த ஊரில் வாழ்ந்திருந்தும் ஒருநாளும் நாங்கள் அதை மேலேயிருந்து பார்த்ததில்லை. அந்த நாளில் எங்கள் ஊரை மேலேயிருந்து பார்த்தவர்கள் விமானமோட்டிகள் மட்டும்தான். நாங்கள் பதுங்குகுழி வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்தவர்கள்.

கோயில்தான் வழி காட்டியது. சதுர வீதிகளும் கேணியும் மேலேயிருந்து பார்த்தாலும் கோயிலாகவே தெரிந்தன. அங்கிருந்து விரலால் நடக்கத் தொடங்கினோம். பலாலி வீதிக்கும் பருத்தித்துறை வீதிக்கும் நடுவே உள்ள ஒழுங்கைகளில் எது யாருடையது என்பதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. "இதுதான் எங்கட ஒழுங்கை." "விசரே, அது சங்கக்கடை ஒழுங்கையடி. உங்கட ஒழுங்கை முடக்கில வைரவர் இருக்கிறார், பார்." கூரையைக் கொண்டு வீட்டை அடையாளம் காண முடியவில்லை. ஓட்டுக்கூரைகள் பல போய்விட்டன. ஆனால் கிணறுகள் இருந்தன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான் எங்களுடைய குடிநீர். அதனால் வளவுக்கு வளவு கிணறு. வீடு இடியும், திரும்பக் கட்டும்போது வாசல் திரும்பும். கிணறு இடம் மாறுவதில்லை. நன்றாகப் பெருப்பித்துப் பார்த்தால் கறுப்பாக ஒரு பொட்டும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டு, மேற்கே மாட்டுக்கொட்டில், கிழக்கே குசினி, வடக்கே முருங்கை என்று அவரவர் வீட்டைத் திரும்பக் கட்டினோம்.

அப்போது இன்னொன்றையும் கண்டோம். வரைபடத்துப் பெயர்களும் எங்கள் பெயர்களும் வேறு வேறு. அதில் வங்கி இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, திருமண மண்டபம் இருக்கிறது. எங்களிடம் இருந்தவை புளியடி, மில்லடி, வாசிகசாலையடி, தேரடி. 'அடி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஊர் முழுவதற்கும் முகவரி சொன்னோம். புளியமரம் தறிபட்ட பின்னும் புளியடி புளியடிதான். வீடுகளுக்கும் அப்படித்தான். ஓவசியர் வீடு, பரியாரியார் வீடு, சிங்கப்பூர்ப் பென்சனியர் வீடு. ஓவசியர் நாங்கள் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். பேரப்பிள்ளைகள் குடியிருந்தபோதும் அது ஓவசியர் வீடுதான். இந்தப் பெயர்கள் எழுதப்பட்டவை அல்ல. சொல்லச் சொல்ல இருந்தவை.

இனிச் சற்று வைத்தியராகப் பேசவேண்டும். எக்ஸ்றே படத்தைக் கையில் எடுத்ததும் நோயைத் தேடாதே, முதலில் பெயரைப் பார், திகதியைப் பார், பழைய படம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார் என்றுதான் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வரைபடத்துக்கும் அதே விதிதான். எங்களில் ஒருத்தியின் மாமியார், "இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ பிள்ளை, முத்தத்தில ஆர் நிக்கினம் எண்டு பாப்பம்" என்றாராம். பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். திரையில் தெரிவது இன்றைய ஊர் அல்ல. செய்மதியோ விமானமோ முன்பொரு நாள் எடுத்த படம் அது. பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகள்கூட வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களின் ஒட்டாக இருக்கலாம். கணினியில் கூகிள் ஏர்த்தைத் திறந்தால் படத்தின் திகதியையும் பார்க்கலாம், காலக்கோட்டை இழுத்துப் பழைய படங்களுக்கும் போகலாம். வீதியில் நின்று பார்ப்பதுபோலக் காட்டும் 'ஸ்ரீற் வியூ'விலும் எடுத்த மாதமும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். அது இலங்கைக்கு வந்தது 2016 இல். படமெடுத்த வண்டி பெரிய வீதிகளால்தான் போயிருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. ஆகவே முகப்பில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கலாம். வைரவர் கோயில் வேம்பின் பாதி தெரியும். அதற்கு அப்பால் போக முடியாது.

காலக்கோட்டை முன்னும் பின்னும் இழுத்தபோது பல மாற்றங்கள் தெரிந்தன. எங்களை அழவைத்தது புகையிரதப் பாதை. 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோனது. பழைய செய்மதிப் படங்களில் அந்தப் பாதை ஆறிப்போன காயத்தின் தழும்புபோல, தண்டவாளம் இல்லாமல் கிடக்கிறது. பிந்திய படங்களில் நேர்கோடாக நிமிர்ந்து வருகிறது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. இருபத்துநான்கு வருட இடைவெளியை விரலால் ஒரு இழுப்பில் கடந்தோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி மயிலிட்டிக்காரி. 1990 இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, மாற்றுச் சீருடைகூட இல்லாமல் எங்களோடு சேர்ந்தவள். அவளுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணிகளும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். அதுவரை ஊரைப் பார்க்க அவளுடைய தகப்பனாருக்கு இருந்த ஒரே வழி, பேரப்பிள்ளை திறந்து காட்டிய கணினித் திரை. கடற்கரையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, "இதுதான் எங்கட வளவு" என்று விரல் வைப்பாராம். வீடு தெரியவில்லை, மரங்கள் தெரிந்தன. 2017 வரை அவர் உயிரோடு இருக்கவில்லை. எங்களுக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கியது சிலருக்கு வேறொன்று என்பதை அவள்தான் எங்களுக்கு உணர்த்தினாள்.

இந்தக் காலக்கோட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மீற்றர் அளவான பொருளையும் பிரித்துக் காட்டக்கூடிய முதலாவது வர்த்தகச் செய்மதியாகிய 'இக்கோனோஸ்' 1999 செப்டெம்பரில்தான் விண்ணுக்குப் போனது. நாங்கள் ஊரைவிட்டுப் போனது 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு. ஆகவே காலக்கோட்டை எவ்வளவு இழுத்தாலும் நாங்கள் விட்டுப்போன ஒழுங்கை வரப்போவதில்லை. கிடுகுவேலியும் பொட்டும், அந்தப் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக்குக் கறி போன பாதையும், தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையில் ஜாம்போத்தல் விளக்கோடு படித்த திண்ணைகளும் அந்தப் படங்களில் இல்லை. அவை இருப்பது எங்கள் தலைக்குள்ளும் எங்களுக்கு மூத்தவர்களின் தலைக்குள்ளும்தான்.

அந்த இரவின் பாதையையும் ஒருநாள் வரைபடத்திடம் கேட்டுப் பார்த்தோம். எங்கள் ஒழுங்கையிலிருந்து செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், கைதடி, சாவகச்சேரி. ஏறத்தாழ 15 கிலோமீற்றர், வாகனத்தில் அரை மணித்தியாலம் என்றது. எங்களுக்கு அந்த இரவு முழுவதும் போதவில்லை, மறுநாள் மத்தியானமும் ஆகிவிட்டது. இலட்சக்கணக்கான சனம் ஒரே வீதியில். மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளை உருட்டத்தான் முடிந்தது, ஏற முடியவில்லை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைப்பதற்குப் பல நிமிடங்கள். எங்களில் ஒருத்தி பரீட்சைக் குறிப்புகளைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தாள். அடுத்த ஆண்டு சித்திரை, வைகாசியில் பலர் திரும்பினோம். சிலர் வன்னிக்குப் போனார்கள். வகுப்பு பிறகு ஒருநாளும் முழுதாகச் சேரவில்லை. சூம் திரையில் அந்த 15 கிலோமீற்றர் நீலக்கோட்டைப் பார்த்தபோது நெடுநேரம் ஒருத்தியும் பேசவில்லை. பிறகு மெல்பேர்ணில் இருப்பவள், "நான் அந்தப் பாலத்தில செருப்பை விட்டனான்" என்றாள். அவ்வளவுதான். ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினோம். இருபத்தைந்து வருடம் சொல்லாதவற்றை அன்று சொன்னோம்.

எங்கள் அம்மாவின் கதைக்கு வருகிறோம். அம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. லண்டனில் எங்களோடு இருந்தார். மறதிநோய் தொடங்கியிருந்தது. காலையில் குளிசை போட்டது ஞாபகம் இராது. பேரனின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. அண்மைக்கால நினைவுகள் முதலில் மங்குவதும், இளமைக்கால நினைவுகள் கூடக்காலம் தங்குவதும் இந்த நோயில் நாங்கள் வழமையாகக் காண்பவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "உது வைரவ கோயிலெல்லே? உதில நேர போ. உந்த முடக்கில பரியாரியார் வீடு. அதுக்கு அங்கால மில்காரர். கிணறு பங்குக் கிணறு, விடியக்காலமை எங்கட முறை..." என்று தொடங்கினார். ஒழுங்கையின் இரு பக்கமும் பத்தொன்பது வீடுகளை ஒன்றும் தவறாமல் சொன்னார். எந்த வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள், எவர் எவருக்கு என்ன முறை, எந்த வீட்டு அம்பலவி இனிக்கும் என்பதுவரை. நாங்கள் படத்தை அச்சிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்.

இதை மருந்து என்று சொல்லவில்லை. பழைய நினைவுகளைப் பேசவைப்பது மறதிநோயாளர் பராமரிப்பில் பயன்படும் ஒரு முறை. அது நோயை மாற்றாது. ஆனால் அந்த ஒரு மணிநேரம் அம்மா எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவராக இருக்கவில்லை. நாங்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களாக இருந்தோம். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். "இது ஆற்ற வீடு, சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவர் போகும் பாதையில் நீங்கள் போங்கள். ஷெல் விழுந்த இடம் வந்து முகம் மாறினால் திரையை மூடிவிட்டுத் தேநீர் போடுங்கள்.

அம்மா பார்த்துப் பார்த்துப் பூரித்தது எங்களுடைய சொந்த வளவை. ஒழுங்கையில் அதுதான் அதிகப் பச்சை. கூரை தெரியாத அளவுக்கு மரம். "நான் வைச்ச மா எவ்வளவு பெருத்திட்டுது" என்றார். நாங்களும் அந்தப் படத்தை வெட்டியெடுத்துக் குழுவில் போட்டு, 'பாருங்கடி எங்கட வளவை, ஊரே கொங்கிறீற்றாப் போச்சு, எங்கட காணி மட்டும்தான் சோலை' என்று பெருமையாக எழுதினோம். இருதயக்குறிகள் வந்து குவிந்தன. ஊரில் இருக்கும் எங்கள் தோழி மட்டும் ஒன்றும் போடவில்லை. அவள் 1996 இல் திரும்பிவந்து, ஆசிரியையாகி, இன்றும் அந்த ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வாழ்பவள். இரவு தொலைபேசி எடுத்தாள்.

"கோவிக்காதேங்கோ. நீங்கள் மேலயிருந்து பாக்கிறியள், அது பச்சையாத் தெரியுது. கீழ நிண்டு பாத்தா அது பற்றை. உங்கட வளவுக்குள்ள ஆக்கள் போய் எத்தினை வருசம்? கூரை இறங்கிப் போச்சு. தண்ணித்தொட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கு. போன மாரிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு. ஏழு நாள் ஆஸ்பத்திரியில. சுகாதாரப் பரிசோதகர் வந்து உங்கட கேற்றில அறிவித்தல் ஒட்டிப்போட்டுப் போனவர். ஆரிட்டக் குடுக்கிறது? மழையில அது கரைஞ்சு போச்சு."

பிள்ளை சுகமாகிவிட்டது. அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. டெங்கு நுளம்பு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும், சிரட்டையையும் தொட்டியையும் கவிழ்த்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்த வைத்தியர் வீட்டுத் தொட்டியில்தான் அது பெருகியிருக்கிறது. அந்தத் தாய் எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு எங்கள் தொலைபேசி இலக்கம்கூட அவரிடம் இல்லை.

அந்த உரையாடலில் தோழி இன்னொன்றும் சொன்னாள். "மதில் கட்டினதுக்கும் அழுறியள். கிடுகுவேலி வருசா வருசம் அடைக்க வேணும். ஓலை ஆர் வெட்டுறது, ஆர் பின்னுறது? மதிலுக்குப் பின்னால தனிய இருக்கிற பொம்பிளையளுக்கு அதுதான் நித்திரை." அவளுக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் மாற்றம் என்று எண்ணி எண்ணிக் கவலைப்பட்ட ஒவ்வொன்றின் பின்னாலும், அங்கேயே இருந்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே பெருமூச்சு விட்டோம்.

அடுத்த மாதமே வளவு துப்புரவாக்கப்பட்டது. தொட்டி கவிழ்க்கப்பட்டது. கிணற்றுக்கு வலை போட்டு, நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன் விட்டார்கள். மா நிற்கிறது. கேற்றுத் திறப்பு பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் அவர் கத்தரியும் மரவள்ளியும் வைத்திருக்கிறார். நேற்று முன்தினம் நேரில் போய்ப் பார்த்தோம். பிள்ளை வளர்ந்து இந்தக் கல்லூரியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பின்வரிசையில் எங்கேயோ இருக்கிறாள். வரைபடத்தில் புதிய படம் வரும்போது எங்கள் வளவு முன்புபோலப் பச்சையாக இராது. வெளிறித் தெரியும். வெளியூரிலிருந்து பார்க்கும் எவராவது, 'ஐயோ, அந்தச் சோலையும் போச்சே' என்று கவலைப்பட்டால், தயவுசெய்து எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி, சங்கத்திடம் எங்கள் வகுப்பு வைக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, பெயர்கள். இந்த மண்டபத்தில் எழுபது, எண்பது வயதைக் கடந்த அக்காமார் இருக்கிறார்கள். கல்லூரியைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு நூலகத்தில் வைப்போம். ஒவ்வொரு வகுப்பும் தனக்குத் தெரிந்த வீடு, கடை, மரம், கிணறு, அடி எல்லாவற்றையும் அதில் எழுதட்டும். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் தங்கைகள் அதைக் கணினியில் ஏற்றட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தாய் தகப்பனோடு அமர்ந்து எழுதி அனுப்பலாம். 'அடுத்த விடுமுறைக்குச் செய்வோம்' என்று தள்ளாதீர்கள். பத்தொன்பது வீடுகளை ஒரே மூச்சில் சொன்ன எங்கள் அம்மா, மறு ஆண்டு அதே படத்தைப் பார்த்து, "இது எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அன்று எழுதிய அந்தத் தாள் இருக்கிறது.

இரண்டாவது, காணிகள். கல்லூரியைச் சுற்றிப் பழைய மாணவிகளுக்குச் சொந்தமான ஆளில்லா வளவுகள் பல இருக்கின்றன. அவற்றின் பட்டியல் ஒன்று சங்கத்திடம் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒருவரின் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். மாரிக்கு முன் ஆண்டுக்கொரு தடவை துப்புரவாக்க ஆகும் செலவு, நாங்கள் ஊருக்கு வரும் விமானச் சீட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக்கொடுப்பதைப் போலவே, அதற்கு வரும் பிள்ளைகளை நுளம்பிலிருந்து காப்பதும் தொண்டுதான்.

மூன்றாவது, அடக்கம். நாங்கள் விட்டுவந்த வீடுகளில் இன்று வேறு குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் வீட்டுப் பெயரையோ படத்தையோ அவர்களைக் கேளாமல் பொதுவரைபடத்தில் போடவேண்டாம். நாங்கள் சேர்க்கும் விவரங்களை எங்களுக்குள் மட்டும் பகிரும் தனிவரைபடமாக வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஊருக்குப் போனால் கேற்றில் நின்று கூப்பிட்டு, உள்ளே வரச் சொன்னால் போவோம். நாங்கள் பிறந்த வீடாக இருந்தாலும் அது இப்போது அவர்களுடைய வீடு.

தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் தொலைபேசி நீங்கள் நிற்கும் இடத்தையும் திசையையும் தானாகவே காட்டும். எங்களைப் போல வடக்கைக் குறிக்க மறந்து பேச்சு வாங்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருநாள் ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வரும் பாதையைக் கையால் கீறிப் பாருங்கள். நாய் கலைக்கும் வீட்டையும் போடுங்கள். திகதியையும் எழுதுங்கள். பிறகு அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள். நாங்கள் தொலைத்துவிட்டோம்.

எங்களுக்கு அம்புக்குறி போட்டுத்தந்த ரீச்சர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ரீச்சர், முப்பத்தைந்து வருடம் பிந்தி வீட்டுவேலையைக் கொண்டுவந்திருக்கிறோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதிய அந்தத் தாளின் பிரதி இது. இந்த முறை வடக்கைக் குறித்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் உங்களிடம் தருகிறோம். பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்துங்கள்.